பேரீச்சம்பழத்துக்குப் போகாத எஞ்சின்

பழைய இரும்புக்குச் சென்னையில் இரண்டே வழிகள்தான். ஒன்று, காயலாங்கடை. இன்னொன்று, ஒரு காலத்தில் தெருத் தெருவாக வந்த பேரீச்சம்பழ வண்டி. ஓட்டை அண்டாவில் இருந்து உடைந்த சைக்கிள் வரை எல்லாம் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் இவைதான். ஆனால் சுமார் 26 டன் எடையும் 155 வயதும் கொண்ட ஓர் இரும்பு, இந்த இரண்டில் இருந்தும் தப்பித்தது. அதுமட்டுமல்ல, 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்னை சென்ட்ரலில் இருந்து ஆவடி வரை சொந்தக் காலில், இல்லையில்லை, சொந்தச் சக்கரத்தில் ஓடியும் காட்டியது!

அதன் பெயர் 'எக்ஸ்பிரஸ்'. ரயில்வே கணக்கில் ஈ.ஐ.ஆர். 21. கிழக்கிந்திய ரயில்வே கம்பெனியின் 21ஆம் எண் எஞ்சின்.

அதைப் படம் எடுத்தவர்கள் ஏராளம். இணையத்தில் தேடினால் வரிசையாக வரும். பச்சை நிற உடம்பு, உயரமான புகைபோக்கி, நடுவில் ஆள் உயரச் சக்கரம். ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலும் விழாத ஒரு விஷயம் உண்டு. உண்மையில் காப்பாற்றப்பட்டது அதுதான். அது என்ன என்று பார்ப்பதற்கு முன்னால், எஞ்சினின் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டுவோம்.

இரட்டைப் பிறவிகள்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்சன் அண்ட் ஹெவிட்சன் என்ற கம்பெனி இருந்தது. 1855ல் அது இந்தியாவுக்காகச் செய்து கப்பலேற்றிய எஞ்சின்களில் இரண்டுதான் பின்னால் புகழ் பெற்றன. எண் 21 'எக்ஸ்பிரஸ்', எண் 22 'ஃபேரி குயின்'. கல்கத்தாவில் வந்து இறங்கியபோது இந்தியாவில் ரயில் என்பதே புத்தம் புதிய விஷயம். ஹவுராவில் இருந்து ஹூக்ளிக்கு அந்தக் கம்பெனியின் முதல் பயணிகள் ரயில் போனது 1854 ஆகஸ்ட் 15ல்தான். அதே ஆகஸ்ட் 15 பின்னாளில் சுதந்திர தினம் ஆகும் என்றோ, அந்த நாளில் தங்கள் எஞ்சின் மெட்ராஸில் ஓடும் என்றோ அப்போது யார் நினைத்திருப்பார்கள்?

இரண்டும் ஒரே அமைப்பு. முன்னால் ஒரு ஜோடி சின்னச் சக்கரம், நடுவில் சுமார் ஆறடி விட்டத்தில் ஒரு ஜோடி பெரிய சக்கரம், பின்னால் மறுபடி ஒரு ஜோடி சின்னச் சக்கரம். இதில் எஞ்சினின் சக்தி போவது நடுச் சக்கரங்களுக்கு மட்டும். சக்கரம் பெரிதாக இருப்பதால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகலாம். ஆனால் தண்டவாளத்தைப் பிடித்து இழுப்பது ஒரே ஒரு அச்சு என்பதால் கனமான சுமை என்றால் வழுக்கும். அதனால்தான் இவை இலகுவான மெயில் வண்டிகளுக்குப் பயன்பட்டன. ஃபேரி குயின் ஹவுரா - ராணிகஞ்ச் பாதையில் ஓடியது. 1857 கிளர்ச்சியின்போது சிப்பாய்களை ஏற்றிய வண்டிகளை இழுத்தது. பிறகு பீகாரில் ரயில் பாதை போடும் வேலைக்குப் போனது.

சக்தி எவ்வளவு தெரியுமா? சுமார் 130 குதிரைத்திறன். இன்றைக்குச் சாலையில் போகும் ஒரு நல்ல காரிலேயே அவ்வளவு இருக்கிறது. சென்ட்ரலில் இருந்து கிளம்பும் வாப்-7 மின்சார எஞ்சினுக்கோ 6000 குதிரைத்திறனுக்கு மேல். தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு சுமார் 3000 லிட்டர். நம்ம ஊர்த் தண்ணீர் லாரியில் 9000 லிட்டர் வரும் என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கு!

1909ல் இரண்டுக்கும் ஓய்வு. ஃபேரி குயின் ஹவுரா நிலையத்துக்கு வெளியே மேடையில் நின்றது. பிறகு உத்தரப் பிரதேசத்தின் சந்தௌசி ரயில்வே பயிற்சிப் பள்ளிக்குப் போனது. 1970களில் டெல்லி ரயில் அருங்காட்சியகத்துக்கு வந்தது. எக்ஸ்பிரஸ் ஜமால்பூர் பட்டறையிலும் ஹவுராவிலும் காட்சிப் பொருளாக நின்றது. ஒன்றிரண்டு வருஷம் அல்ல, 101 வருஷம்!

தண்டவாளத்தை விட மூத்த எஞ்சின்

ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய ஒரு கணக்கு இங்கே இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை, ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை, 1856 ஜூலை 1ல் திறக்கப்பட்டது. அந்தப் பாதை எந்த வழியாகப் போனது? வியாசர்பாடி, பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாகத்தான். இன்று காலை எட்டு மணிக்கு மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள், தென்னிந்தியாவின் ஆகப் பழைய பயணிகள் ரயில் தடத்தில்தான் தொங்குகிறார்கள்!

சென்ட்ரல் நிலையமே பிறகு வந்ததுதான், 1873ல். ஆக, 2010ல் ஆவடிக்கு ஓடிய எஞ்சின், தான் புறப்பட்ட நிலையத்துக்கும் மூத்தது, தான் ஓடிய பாதைக்கும் மூத்தது.

பாதை பிறந்த அதே 1856ல்தான் மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பெரம்பூர் பட்டறையும் பிறந்தது. அது பின்னால் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று கேரேஜ் ஒர்க்ஸ், இன்னொன்று லோகோ ஒர்க்ஸ். புறநகர் வரிசையில் பெரம்பூர், கேரேஜ், லோகோ, வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் என்று ஒப்பிக்கிறோமே, அந்த 'கேரேஜ்', 'லோகோ' எல்லாம் இந்தப் பட்டறைகளின் பெயர்கள்தான்.

பட்டறை செய்த வேலை

எக்ஸ்பிரஸை மீண்டும் உயிர்ப்பித்தது இந்த லோகோ பட்டறைதான். அதற்கு முன்பே பட்டறைக்கு இந்த வகை எஞ்சினோடு பழக்கம் உண்டு. தம்பியா அண்ணனா என்று சொல்ல முடியாத அந்த ஃபேரி குயினைச் சீர் செய்ததும் பெரம்பூர்தான். அது 1997 ஜூலையில் 88 ஆண்டுகளுக்குப் பின் மறுபடி ஓடியது. டெல்லி - அல்வர் சுற்றுலா ரயிலாக ஓடி, 1998ல் வழக்கமான சேவையில் இருக்கும் உலகின் மிகப் பழைய நீராவி எஞ்சின் என்று கின்னஸில் இடம் பிடித்தது.

('வழக்கமான சேவை' என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் 'ஜான் புல்' 1831ல் செய்யப்பட்டது. அதன் 150ஆம் ஆண்டுக்காக 1981ல் அதை ஓட்டிக் காட்டினார்கள். 'உலகிலேயே பழசு' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் கணக்கு உதைக்கும்.)

நூறு வருஷம் மேடையில் நின்ற எஞ்சினை ஓட வைப்பது, அடுக்களையில் தூங்கும் பழைய குக்கரைத் தூசி தட்டி அடுப்பில் ஏற்றுவது மாதிரி இல்லை. ஆனால் ஆபத்து அதே ஆபத்துதான். குக்கருக்குள் இருப்பது சில லிட்டர் தண்ணீர். கொதிகலனுக்குள் இருப்பதோ நூற்றுக்கணக்கான லிட்டர். கொதிகலன் வழியே நெடுகப் போகும் குழாய்களில் நெருப்பின் சூடு போகும். சுற்றிலும் உள்ள தண்ணீர் கொதித்து நீராவியாகும். அந்த நீராவி சிலிண்டருக்குள் போய் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் தண்டைத் தள்ள, தண்டு சக்கரத்தைச் சுற்றும். ஒரு தகட்டில், ஒரு தையலில் துரு உள்ளே புகுந்திருந்தாலும் அது வெடிகுண்டுக்குச் சமம். அதனால் தண்ணீரை அழுத்திச் சோதித்து, அளந்து, சந்தேகப்பட்டதை எல்லாம் மாற்றி, பிறகுதான் நெருப்பு வைப்பார்கள்.

உதிரி பாகம்? கடையில் கிடைக்காது. செய்த கம்பெனியே இன்று இல்லை. பாகத்தை அளந்து, வரைந்து, வார்த்து, கடைந்து, பொருத்திப் பார்த்து, பொருந்தாவிட்டால் மறுபடி கடைய வேண்டும். இது போதாது என்று இந்தக் காலத்துப் பாதையில் ஓட இந்தக் காலத்துப் பாதுகாப்பும் வேண்டும். 1855ல் இல்லாத ஏர் பிரேக், மின் விளக்கு போன்றவை சேர்ந்தன.

வெளியேயும் சிக்கல்தான். நீராவிக் காலத்தில் நிலையங்களில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் தூண்கள் இருந்தன. இன்று இல்லை. மேலே 25,000 வோல்ட் மின்கம்பி. கரும்புகை தொடர்ந்து பட்டால் அதைத் தாங்கும் பீங்கான்களில் கரி படியும். இத்தனைக்கும் நடுவில்தான் சென்ட்ரல் - ஆவடி ஓட்டம் நடந்தது. பின்னாட்களில் எழும்பூர் - கோடம்பாக்கம் பாதையிலும், 2019ல் கொச்சியில் எர்ணாகுளம் - துறைமுக முனையம் பாதையிலும் எக்ஸ்பிரஸ் ஓடியது.

கேமராவுக்குப் பிடித்த புகை

இப்போது படத்துக்கு வருவோம். நீராவி எஞ்சினைப் படம் எடுக்கும் எல்லோருக்கும் ஒரு ஆசை உண்டு. புகைபோக்கியில் இருந்து கன்னங்கரேல் என்று புகை பொங்க வேண்டும்! அப்படி ஒரு படம் கிடைத்தால் அன்றைக்கு விருந்துதான்.

ஆனால் ஒரு நல்ல ஃபயர்மேனிடம் அந்தப் படத்தைக் காட்டினால் முகம் சுளிப்பார். கரும்புகை என்றால் என்ன அர்த்தம்? கரி முழுசாக எரியவில்லை. ஒன்று, ஒரேயடியாக அள்ளிப் போட்டிருக்கிறார்கள். அல்லது காற்று போதவில்லை. எப்படியோ, காசு புகையாகப் போகிறது. கைதேர்ந்த ஃபயர்மேன் கொஞ்சம் கொஞ்சமாக, நெருப்புத் தட்டில் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே பார்த்துப் போடுவார். அவர் வேலை சரியாக இருந்தால் புகைபோக்கியில் மெல்லிய சாம்பல் நிறம்தான் தெரியும். அதாவது படம் எவ்வளவு 'அழகோ', வேலை அவ்வளவு மோசம்!

வெள்ளை மேகம் மாதிரி நீராவி சுருண்டு எழும் படங்கள் இன்னொரு வகை. அவை பெரும்பாலும் குளிர் தேசத்துப் படங்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. அது குளிர்ந்து துளித் துளியாக ஆனால்தான் வெள்ளையாகத் தெரியும். சென்னை வெயிலில் அது சீக்கிரமே கலைந்து போய்விடும். டெல்லிப் பனியில் ஃபேரி குயின் காட்டும் கோலத்தைச் சென்னை ஆகஸ்ட் மாதத்தில் எக்ஸ்பிரஸிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதிகாலைப் பயணம், சாய்வான வெளிச்சம் இருந்தால் கொஞ்சம் உண்டு.

கேமராவின் மேல் குற்றம் இல்லை. அது வெளியே தெரிவதைத்தான் எடுக்கும். பெயிண்ட் தெரியும், பித்தளை தெரியும், புகை தெரியும். கரியை எங்கே போடுவது என்ற கணக்கும், தண்ணீர் மட்டம் எவ்வளவு இறங்கினால் ஆபத்து என்ற பயமும், சத்தத்தை வைத்தே எந்த வால்வில் கோளாறு என்று சொல்லும் காதும் படத்தில் விழாது.

அதே எஞ்சினா இது?

'இத்தனையும் மாற்றிய பிறகு இது 1855 எஞ்சின்தானா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஓடிக்கொண்டிருந்த காலத்திலும் நீராவி எஞ்சினில் பாகங்கள் மாறிக்கொண்டேதான் இருந்தன. குழாய்கள் அரிக்கும், மாற்றுவார்கள். சக்கரத்தின் மேல் வளையம் தேயும், மாற்றுவார்கள். சில வருஷங்களுக்கு ஒருமுறை மொத்தமாகக் கழற்றிப் பூட்டுவார்கள். மாற்றாமல் வைத்திருக்கும் எஞ்சின் என்றால் அது ஓடாத எஞ்சின் என்று அர்த்தம்.

ஓடாமல் நின்றால் மட்டும் பத்திரமா? அதுவும் இல்லை. 2011 வாக்கில் டெல்லியில் நிறுத்தி வைத்திருந்த ஃபேரி குயினில் இருந்து பாகங்கள் திருடு போயின. கின்னஸ் புகழ் எல்லாம் திருடனுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரிந்தது காயலாங்கடை விலை. திரும்பவும் பெரம்பூர்தான் பாகங்களைச் செய்து கொடுத்து ஓட வைத்தது.

கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இது சுவாரசியமான சிக்கல். ஓர் எஞ்சினின் ஆயுள் 40 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். வருஷா வருஷம் தேய்மானம் கழித்தால் 1855 எஞ்சினின் புத்தக மதிப்பு 1895ல் பூஜ்யம். மிச்சம் இருப்பது இரும்பு விலை மட்டும். வேடிக்கை என்னவென்றால், 22ஆம் எண் எஞ்சினுக்கு 'ஃபேரி குயின்' என்று பெயர் வைத்ததே அந்த 1895ல்தான்! கணக்குப் புத்தகத்தில் மதிப்பு முடியும் இடத்தில் மனிதர்கள் பெயர் வைக்கத் தொடங்குகிறார்கள்.

மராமத்துச் செலவு என்று பார்த்தால் எந்தத் தணிக்கையாளரும் கை வைப்பார். இங்கிலாந்தில் 1923ல் செய்த 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்' எஞ்சினைச் சீர் செய்ய 2006 முதல் 2016 வரை பத்து வருஷமும், சுமார் 42 லட்சம் பவுண்டும் ஆனது. டிக்கெட் விற்று மட்டும் இந்தப் பணத்தை எடுக்க முடியுமா? கஷ்டம். அப்படியானால் அந்தச் செலவில் வாங்கியது எதை?

நீராவி இல்லாத நீராவி ரயில்

இதற்குப் பதில் சொல்லவோ என்னவோ, நம்ம ஊர்ப் பட்டறைகளே இன்னொரு ரயிலையும் செய்தன. பெரம்பூர் கேரேஜ் பட்டறை, ஆவடி, திருச்சி பொன்மலை மூன்றும் சேர்ந்து உருவாக்கிய பாரம்பரிய ரயில் அது. பார்க்க நீராவி எஞ்சின் மாதிரியே இருக்கும். புகை வரும், பழைய காலத்து ஊதல் கேட்கும். ஆனால் உள்ளே கொதிகலன் கிடையாது, கரி கிடையாது. முழுக்க மின்சாரம். 2023 அக்டோபர் 31ல் குஜராத்தின் ஏக்தா நகரில் பிரதமர் அதைத் தொடங்கி வைத்தார். குளுகுளு பெட்டி, சாப்பாட்டுப் பெட்டி, 144 இருக்கைகள்.

அதைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பயணிகளுக்குச் சுகம், கரித்தூள் கண்ணில் விழாது, செலவு கட்டுப்படும், காற்றும் கெடாது. படத்திலும் ஜோராக விழும். கேமராவுக்கு எக்ஸ்பிரஸும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வித்தியாசம் ஓட்டுபவரிடம் இருக்கிறது. அந்த ரயிலை ஓட்டும் லோகோ பைலட்டுக்கு நெருப்பைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. எக்ஸ்பிரஸை ஓட்ட வேண்டுமானால் யாராவது ஒருவர் ராத்திரியே வந்து நெருப்பு மூட்ட வேண்டும். பல மணி நேரம் பொறுமையாகச் சூடேற்ற வேண்டும், அவசரப்பட்டால் தகடு சீராக விரியாது. யாராவது ஒருவர் குழாயைப் பொருத்தத் தெரிந்திருக்க வேண்டும். யாராவது ஒருவர் அதை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த 42 லட்சம் பவுண்டும், பெரம்பூர் போட்ட உழைப்பும் வாங்கியது இதைத்தான். கைவேலை. இரும்பு மேடையில் நின்றாலும் கொஞ்ச காலம் இருக்கும். கைவேலை அப்படி நிற்காது, செய்தால்தான் இருக்கும்.

நாள் அதிகம் இல்லை

சித்தரஞ்சன் ஆலையில் கடைசி அகலப் பாதை நீராவி எஞ்சின் செய்தது 1970ல். 'அந்திம் சிதாரா', கடைசி நட்சத்திரம் என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். அகலப் பாதையில் அன்றாட நீராவி ஓட்டம் முடிந்தது 1995ல். அப்போது 30 வயதாக இருந்த ஒரு ஃபயர்மேன் 2025ல் 60 வயதைத் தொட்டு ஓய்வு பெற்றிருப்பார். அதாவது நீராவியைத் தினசரிப் பிழைப்பாகச் செய்தவர்கள் அனேகமாக எல்லோரும் வேலையில் இருந்து வெளியே போய்விட்டார்கள். இனிமேல் இந்த வேலை தெரிந்தவர்கள் என்றால், இப்படி ஒன்றிரண்டு எஞ்சின்களில் கற்றுக்கொண்டவர்கள் மட்டும்தான்.

நம்பிக்கை இல்லாமல் இல்லை. நீலகிரி மலை ரயிலுக்காகப் பொன்மலைப் பட்டறை 2010களில் புத்தம் புதிய நீராவி எஞ்சின்களையே செய்து காட்டியது. அங்கே தினமும் ஓடும் ரயில் இருக்கிறது, அதனால் தேவையும் இருக்கிறது, கற்றுக்கொள்ள ஆளும் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு நாள் மட்டும் ஓடும் எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. ஒரு தலைமுறை விட்டுப் போனால் அடுத்த தலைமுறை பூஜ்யத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

படம் எடுப்பவர்கள் இதில் ஏதாவது செய்ய முடியுமா? நிச்சயமாக முடியும். எஞ்சினின் பக்கவாட்டுப் படம் ஆயிரம் இருக்கிறது, ஆயிரத்து ஒன்றாவது தேவையில்லை. நெருப்பு மூட்டுவதை, கரி போடும் கையை, எண்ணெய் விடும் இடங்களை, பட்டறைக்குள் குழாய் பொருத்துவதை அனுமதி வாங்கி வீடியோவாக எடுக்கலாம். ஓய்வு பெற்ற ஃபயர்மேன்களும் ஃபிட்டர்களும் அயனாவரம், பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர் பக்கம் இருக்கவே செய்வார்கள். உட்கார வைத்து, அவர்கள் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்யலாம். செல்போன் போதும். படத்துக்குக் கீழே 'ஈ.ஐ.ஆர். 21, 1855' என்று போடுவதோடு நிறுத்தாமல், அன்று நெருப்பைப் பார்த்துக்கொண்டவர் யார் என்று கேட்டு, அவருக்குச் சம்மதம் என்றால் அவர் பெயரையும் போடலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். எது எடுத்தாலும் பிளாட்பாரத்தில் நின்று எடுங்கள். பாரம்பரிய ரயில் போகும் பாதையில்தான் அடுத்த ஐந்தாவது நிமிஷம் மின்சார ரயிலும் வரும். அது புகை விட்டுச் சொல்லிவிட்டு வராது!